பிப்ரவரி 28: ஒரு தேதியும் நான்கு கண்டுபிடிப்பாளர்களும்



ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் தேதி உங்கள் பள்ளியில் அறிவியல் நாள் கொண்டாடுகிறார்கள் அல்லவா? கண்காட்சி வைப்பார்கள், பேச்சுப் போட்டி நடக்கும், சர் சி. வி. ராமனின் படத்துக்கு மாலை சூட்டுவார்கள். 1986ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாக ஏற்றுக்கொண்டது. 1987 முதல் நாடெங்கும் கொண்டாடி வருகிறோம்.

இது ராமனின் பிறந்த நாள் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. அவர் பிறந்தது 1888 நவம்பர் 7ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியில். பிப்ரவரி 28 அவருடைய கண்டுபிடிப்பின் நாள்.

ஆனால் அந்தத் தேதி ராமன் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. விஞ்ஞான வரலாற்றைப் புரட்டினால், அதே பிப்ரவரி 28இல் ஒரு மாபெரும் வேதியியல் அறிஞர் பிறந்திருக்கிறார். நைலான் முதன்முதலாகத் தயாராகியிருக்கிறது. உயிரின் இரகசியத்தைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பு பிடிபட்டிருக்கிறது. இவை எல்லாம் ஒரே தேதியில் நடந்தது ஏன்? அந்த நாளுக்கு ஏதேனும் தனிச் சக்தி உண்டா? முதலில் நான்கு நிகழ்ச்சிகளையும் காண்போம். பிறகு இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

கல்கத்தா, 1928

1921இல் ராமன் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே கடலின் நிறத்துக்குக் காரணம் என்று அக்காலத்தில் அறிஞர்கள் கூறிவந்தார்கள். ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. கையில் இருந்த ஒரு நிக்கல் பட்டகத்தைக் கொண்டு பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் உணர்ந்தார்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஏழு ஆண்டுகள் நடந்தது. கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராமனும் அவருடைய மாணவர்களும் திரவம் திரவமாக எடுத்து ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் கே. எஸ். கிருஷ்ணன். நம் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தவர். 1928 பிப்ரவரியில் இவர்கள் சுமார் 60 திரவங்களைச் சோதித்துவிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? ஒரு நிற ஒளியை மட்டும் திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வெளியே வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் இருக்கிறது. ஆனால் மிகச் சிறிய பகுதி சற்று வேறு நிறத்தில் வருகிறது. ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான்! பிப்ரவரி 28ஆம் தேதி நிறமாலைநோக்கி வழியே பார்த்தபோது, இந்தப் புதிய ஒளி தனிக் கோடாகப் பிரிந்து தெரிந்தது. மறுநாள் செய்தி வெளியிடப்பட்டது. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிறம் ஏன் மாறுகிறது? ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலின் மீது ஒரு பந்தை எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து சில வேளைகளில் தன் வேகத்தில் சிறிதை ஊஞ்சலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். சில வேளைகளில் ஊஞ்சலிடமிருந்து சிறிது பெற்றுக்கொண்டு திரும்பும். மூலக்கூறில் உள்ள அணுக்களும் சுருள்வில்லால் இணைத்த குண்டுகளைப் போல ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி அவற்றின் மீது மோதும்போது சிறிது ஆற்றலைக் கொடுக்கிறது அல்லது வாங்குகிறது. ஆற்றல் மாறினால் நிறமும் மாறும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது, அதன் அணுக்கள் எப்படிப் பிணைந்துள்ளன என்று கூறிவிடலாம். எனவே ராமன் விளைவு மூலக்கூறுக்குள் எட்டிப் பார்க்க உதவும் ஒரு ஜன்னல் ஆகும்.

போர்ட்லாந்து, 1901

இப்போது 27 ஆண்டுகள் பின்னே செல்வோம். 1901 பிப்ரவரி 28ஆம் தேதி, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில், மருந்துக்கடை நடத்திவந்த ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. லினஸ் பாலிங் என்பது அதன் பெயர். பாலிங்குக்கு ஒன்பது வயதானபோது தந்தை இறந்துவிட்டார். குடும்பம் வறுமையில் வாடியது. சிறுவன் பல வேலைகள் செய்து கொண்டே படித்தான்.

அணுவும் அணுவும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? இந்தக் கேள்விதான் பாலிங்கின் வாழ்நாள் ஆராய்ச்சி. 1939இல் அவர் வேதியியல் பிணைப்பைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலாக விளங்கியது. அந்நூலில் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் ஒருவகை மெல்லிய பிணைப்புக்கு அவர் தனி இடம் அளித்தார்.

அது என்ன பிணைப்பு? சட்டையின் தையலையும் பிரஸ் பட்டனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தையல் வலுவானது, பிரித்தால் துணியே கிழிந்துபோகும். பிரஸ் பட்டனோ இலேசாக இழுத்தாலே திறந்துகொள்ளும். சாதாரண வேதியியல் பிணைப்பு தையலைப் போன்றது. ஹைட்ரஜன் பிணைப்பு பிரஸ் பட்டனைப் போன்றது. தனியாக ஒரு பட்டன் எளிதில் கழன்றுவிடும். ஆனால் வரிசையாக நூறு பட்டன்கள் இருந்தால்? துணி உறுதியாகவே நிற்கும்.

இந்தப் பிணைப்பைக் கொண்டுதான் பாலிங், புரத மூலக்கூறின் சங்கிலி சுருண்டு நிற்கும் விதத்தை விளக்கினார். அந்தச் சுருளுக்கு ஆல்ஃபா சுருள் என்று பெயர். ராபர்ட் கோரி, ஹெர்மன் பிரான்சன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய அந்தக் கட்டுரை வெளியீட்டுக்கு அளிக்கப்பட்ட தேதி 1951 பிப்ரவரி 28. ஆம், அவருடைய 50ஆவது பிறந்த நாள்!

வில்மிங்டன், 1935

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கே டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலார் ஒரு குழுவுக்குத் தலைமை வகித்தார். பட்டு நூல் ஏன் அத்தனை உறுதியாக இருக்கிறது? அது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அப்படிப்பட்ட சங்கிலியை மனிதனால் செய்ய முடியாதா? இதுவே கரோதர்ஸின் கேள்வி.

1935 பிப்ரவரி 28ஆம் தேதி அந்தக் குழு இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒரு சங்கிலியைத் தயாரித்தது. இரண்டு பொருள்களிலும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள் இருந்ததால் அதற்கு 6-6 என்று எண்ணிட்டார்கள். அதுவே பின்னர் நைலான் என்று பெயர் பெற்றது. 1938இல் நைலான் இழை வைத்த பல்துலக்கும் பிரஷ் கடைக்கு வந்தது. இன்று மீன்வலை, கயிறு, குடைத்துணி என்று நைலான் புகாத இடம் இல்லை. ஆனால் கரோதர்ஸ் அதைக் காணவில்லை. 1937இல், 41ஆம் வயதில், அவர் மறைந்துவிட்டார்.

நைலான் கயிறு ஏன் எளிதில் அறுவதில்லை? நூலை இழுக்கும்போது அதன் சங்கிலி மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக அமைகின்றன. ஒரு சங்கிலியையும் அடுத்த சங்கிலியையும் நாம் மேலே கண்ட அதே பிரஸ் பட்டன்கள், அதாவது ஹைட்ரஜன் பிணைப்புகள், வரிசையாகப் பிடித்துக்கொள்கின்றன.

கேம்பிரிட்ஜ், 1953

இனி இங்கிலாந்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் நகரின் கேவண்டிஷ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் டி.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய முயன்றுகொண்டிருந்தார்கள். பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு வருவதற்குக் காரணமான செய்தி இந்த மூலக்கூறில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதே முயற்சியில் அமெரிக்காவில் பாலிங்கும் இறங்கியிருந்தார். அவர் போட்டியில் இருக்கிறார் என்றால் மற்றவர்களுக்கு அச்சம்தான்! ஆனால் அவர் முன்மொழிந்த அமைப்பு தவறாக இருந்தது. மூன்று இழைகளை முறுக்கி, பாஸ்பேட் பகுதிகளை நடுவே வைத்திருந்தார். அந்த அமைப்பின்படி பார்த்தால் டி.என்.ஏ. ஓர் அமிலமாகவே இருக்க முடியாது. பாலிங்கின் மகன் பீட்டர் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூலம் கட்டுரையைப் படித்த வாட்சனும் கிரிக்கும் பிழையை உடனே கண்டுகொண்டார்கள். தமக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று வேலையை விரைவுபடுத்தினார்கள்.

இலண்டனில் ரோசலிண்ட் பிராங்ளின் என்னும் பெண் விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் டி.என்.ஏ. இழையின் மிகத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் கிடைத்திருந்தது. அவருக்குத் தெரியாமலே அந்தப் படம் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. மூலக்கூறு சுருள் வடிவம் உடையது என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுத்தது.

1953 பிப்ரவரி 28, சனிக்கிழமை. காலையில் வாட்சன் அட்டையில் வெட்டிய உருவங்களை மேசை மீது வைத்துச் சேர்த்துப் பார்த்தார். டி.என்.ஏ.யில் உள்ள நான்கு உறுப்புகளில் அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் சேர்ந்தால் இரண்டு ஜோடிகளும் ஒரே அளவில் அமைவதைக் கண்டார். ஏணியின் படிகள் எல்லாம் ஒரே நீளம்! இரண்டு இழைகள் முறுக்கிய ஏணி போன்ற இரட்டைச் சுருள் உருவாயிற்று. ஜோடிகளைப் பிடித்து வைப்பது எது? மீண்டும் ஹைட்ரஜன் பிணைப்புத்தான். அது பிரஸ் பட்டனாக இருப்பதால்தான், செல் பிரியும்போது இரண்டு இழைகளும் கிழியாமல் திறந்துகொள்கின்றன. ஒவ்வோர் இழையும் தனக்குரிய ஜோடியைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது.

அன்று அமெரிக்காவில் பாலிங்குக்கு 52ஆவது பிறந்த நாள். அவர் தேடிய விடை, அவர் பிறந்த நாளிலேயே, வேறு இருவருக்குக் கிட்டியது! ஆயினும் பாலிங் மனம் குறுகவில்லை. தாம் தவறியதை ஒப்புக்கொண்டு இரட்டைச் சுருளை ஏற்றார். குவானைன், சைட்டோசின் ஜோடியில் இரண்டு அல்ல, மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன என்று 1956இல் கோரியுடன் சேர்ந்து திருத்தம் கூறியவரும் அவரே.

உண்மையான தொடர்பு எது?

நான்கு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று ஒரே பொருளைப் பற்றியவை: மூலக்கூறுகள் எப்படிப் பிணைகின்றன என்பது. நான்காவதான ராமன் விளைவு அந்தப் பிணைப்புகளைச் சோதிக்கும் கருவி. ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கிய அணுக்களின் ராமன் கோடுகள் இடம் பெயர்ந்தும் அகன்றும் தெரியும்.

வியப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் சற்று நில்லுங்கள். இந்தத் தொடர்பை ஏற்படுத்தியது தேதியா?

இல்லை. வாட்சனுக்கு உதவியது பாலிங்கின் பிறந்த நாள் அன்று, பாலிங்கின் கருத்துகள். கேம்பிரிட்ஜில் வாட்சனின் அறையில் ஜெரி டானஹூ என்னும் வேதியியலார் இருந்தார். முன்னர் பாலிங்குடன் பணியாற்றியவர். பாடநூல்களில் அச்சான குவானைன், தைமின் ஆகியவற்றின் வடிவம் தவறு என்றும், ஹைட்ரஜன் அணு இருக்க வேண்டிய இடம் வேறு என்றும் அவர்தான் வாட்சனுக்கு எடுத்துக் கூறினார். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அட்டை உருவங்கள் பொருந்தியிரா. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும், நூலிலிருந்து வாசகருக்கும் கருத்துகள் சென்றன. அதுவே தொடர்பு. டி.என்.ஏ.யின் அமைப்பு மார்ச் 3ஆம் தேதி பிடிபட்டிருந்தாலும் இந்தத் தொடர்பு அப்படியே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? இந்த நான்கையும் தேர்ந்தெடுத்து வரிசையாக அடுக்கியது இந்தக் கட்டுரை. 1963 பிப்ரவரி 28இல் நம் முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் காலமானார். 1986 பிப்ரவரி 28இல் சுவீடன் நாட்டுப் பிரதமர் ஓலோஃப் பால்மே சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றுக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. பொருந்துவதை எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிட்டால், எந்தத் தேதியையும் அதிசயத் தேதி ஆக்கிவிடலாம்!

நோபல் பரிசு பெற்ற ஆறு பேர்

"அது சரி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்க இன்னொரு பட்டியல் இருக்கிறது. விஞ்ஞானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் பிப்ரவரி 28இல் பிறந்தவர்கள் இவர்கள்:

பிலிப் ஹென்ச் (பிறப்பு 1896) – மருத்துவம், 1950
லினஸ் பாலிங் (1901) – வேதியியல், 1954
பீட்டர் மெடவார் (1915) – மருத்துவம், 1960
லியான் கூப்பர் (1930) – இயற்பியல், 1972
டேனியல் சூயி (1939) – இயற்பியல், 1998
ஸ்டீவன் சூ (1948) – இயற்பியல், 1997

ஆறு பேர்! அப்படியானால் அது அறிவாளிகள் பிறக்கும் நாளோ? அவசரப்படாமல் கணக்குப் போடுவோம்.

2024 வரை இயற்பியல், வேதியியல், மருத்துவம் ஆகிய மூன்றிலும் நோபல் பரிசு பெற்றவர்கள் சுமார் 650 பேர். ஆண்டுக்கு 365 நாள்கள். சராசரியாக ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1.8 பேர் வருகிறார்கள். ஆனால் சராசரி 1.8 என்றால் ஒவ்வொரு நாளிலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள் என்று பொருள் அல்ல. முற்றத்தில் 365 கட்டங்கள் வரைந்து, 650 புளியங்கொட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். சமமாகவா விழும்? சில கட்டங்கள் காலியாகவே கிடக்கும், சிலவற்றில் குவியும்.

இதற்கு நிகழ்தகவுக் கணிதத்தில் வழி உண்டு. அதன்படி பார்த்தால் அறுபது நாள்கள் வரை ஒருவருமே பிறக்காத நாள்களாக இருக்க வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ கூடும் நாள்கள் ஆண்டில் மூன்று நான்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாள் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால்தான் நாம் வியக்க வேண்டும்! பிப்ரவரி 28 அந்த மூன்று நான்கில் ஒன்றாக அமைந்துவிட்டது. அவ்வளவே.

உங்கள் வகுப்பில் ஒரு சோதனை

உங்கள் வகுப்பில் 23 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் யாரேனும் இருவருக்கு ஒரே தேதியில் பிறந்த நாள் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு ஐந்து ஆறு என்று தோன்றும். உண்மையில் பாதிக்குச் சற்று அதிகம்!

காரணம் எளியது. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் எத்தனை ஜோடிகள் வரும்? ஒவ்வொருவரும் மற்ற 22 பேருடன் சேரலாம். 23 × 22 = 506. கண்ணனும் முருகனும் என்பதும் முருகனும் கண்ணனும் என்பதும் ஒரே ஜோடி ஆகையால் இரண்டால் வகுக்க வேண்டும். 253 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் 365இல் ஒரு வாய்ப்பு. 253 முறை வாய்ப்பு இருக்கும்போது ஒரு முறையாவது பலிப்பதில் வியப்பு என்ன? 40 பேர் உள்ள வகுப்பானால் வாய்ப்பு நூற்றுக்கு 89 ஆகிவிடுகிறது.

ஆனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். "என் பிறந்த நாளில் பிறந்தவர் ஒருவராவது இருக்கிறாரா?" என்று நீங்கள் கேட்டால், பாதி வாய்ப்புக்கு மற்றவர்கள் 253 பேர் வேண்டும். "யாரேனும் இருவர்" என்பது வேறு; "என்னோடு ஒருவர்" என்பது வேறு. வியப்பூட்டும் ஒற்றுமைகளைக் கேள்விப்படும்போதெல்லாம், கேட்கப்பட்ட கேள்வி இந்த இரண்டில் எது என்று முதலில் பாருங்கள்.

தேதியே ஓர் ஏற்பாடுதான்

கடைசியாக ஒரு செய்தி. 1683 பிப்ரவரி 28ஆம் தேதி பிரான்சில் ரேயமூர் என்னும் விஞ்ஞானி பிறந்தார். பூச்சிகளை ஆராய்ந்தவர், அவர் பெயரால் ஒரு வெப்பமானி அளவுமுறை உண்டு. அவர் பிறந்த அதே நாளில், கடலுக்கு அப்பால் இலண்டனில் என்ன தேதி தெரியுமா? பிப்ரவரி 18! ஆண்டும் 1683 அல்ல, 1682!

பிரான்சு 1582இலேயே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்துக்கொண்டிருந்தது. அந்நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். மேலும் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். ஒரே சூரியன், ஒரே பகல். தேதி மட்டும் இரண்டு.

கண்டுபிடிப்பின் தேதியும் அப்படித்தான். ராமனும் கிருஷ்ணனும் புதிய ஒளியைப் பற்றிய முதல் கடிதத்தை 1928 பிப்ரவரி 16ஆம் தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்கள். 28இல் கோடு தெரிந்தது. செய்தி வெளியானது 29இல். கடிதம் அச்சானது மார்ச் 31இல். இவற்றுள் எதைக் கண்டுபிடிப்பின் நாள் என்பது? 28ஐ நாம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1928 லீப் ஆண்டு. செய்தி வெளியான நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அறிவியல் நாள் வரும்! வாட்சன், கிரிக் கட்டுரையும் 1953 ஏப்ரல் 25இல்தான் வெளியாயிற்று. ஆகவே சில நாடுகளில் டி.என்.ஏ. நாளை ஏப்ரல் 25இல் கொண்டாடுகிறார்கள்.

அப்படியானால் நாள்களைக் கொண்டாடுவது வீண் வேலையா? இல்லை. சட்டையை மாட்ட ஆணி வேண்டும். ஆணி சட்டையைத் தைப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் சட்டை மூலையில் கிடக்கும். தேதியும் நினைவை மாட்டிவைக்கும் ஓர் ஆணி. ராமனின் ஏழு ஆண்டு உழைப்பையும், கரோதர்ஸின் விடாமுயற்சியையும், பிராங்ளினின் நுட்பமான கைத்திறனையும், தோற்ற பின்னும் உண்மையை ஏற்ற பாலிங்கின் பண்பையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நினைத்துப் பார்க்க அது உதவுகிறது.

நீங்கள் எந்தத் தேதியில் பிறந்தீர்களோ தெரியாது. அன்று நோபல் பரிசு பெற்றவர் எவரும் பிறக்காமல் இருந்திருக்கலாம். கவலை வேண்டாம். பாலிங் பிறந்தபோது பிப்ரவரி 28உம் மற்ற தேதிகளைப் போன்ற ஒரு சாதாரணத் தேதியாகத்தான் இருந்தது.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களின் பிறந்த தேதிகளை, ஆண்டை விட்டுவிட்டு, எழுதி வாங்குங்கள். எத்தனை வகுப்புகளில் இருவருக்கு ஒரே தேதி வருகிறது என்று எண்ணுங்கள். 40 பேர் உள்ள பத்து வகுப்புகளில் சோதித்தால் ஒன்பது வகுப்புகளை ஒட்டி விடை வர வேண்டும்.

2. ஒரு தாளில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகள், மொத்தம் 36 கட்டங்கள் வரையுங்கள். சிவப்பு, வெள்ளைப் பகடைக்காய்கள் இரண்டை உருட்டுங்கள். சிவப்பு வரிசையையும், வெள்ளை அந்த வரிசையில் கட்டத்தையும் குறிக்கட்டும். விழுந்த கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இப்படி 65 முறை செய்யுங்கள். சராசரி கட்டத்துக்கு 1.8 புள்ளி. ஆனால் ஆறு கட்டங்கள் வரை காலியாக இருப்பதையும், நான்கைந்து புள்ளிகள் குவிந்த கட்டங்கள் சில இருப்பதையும் காண்பீர்கள். மறுமுறை செய்தால் குவியும் கட்டங்கள் மாறிவிடும். ஏன் என்று சிந்தியுங்கள்.

3. உங்கள் பிறந்த தேதியில் நடந்த விஞ்ஞான நிகழ்ச்சிகளைப் பள்ளி நூலகத்தில் தேடிப் பட்டியல் எழுதுங்கள். அவற்றுள் எந்த இரண்டுக்காவது உண்மையான தொடர்பு உண்டா? உண்டென்றால் அந்தத் தொடர்பு யார் வழியாக, எந்த நூல் வழியாக வந்தது என்று கண்டுபிடியுங்கள். "ஒரே தேதியில் நடந்தது" என்பதை மட்டும் விடையாக எழுதிவிடாதீர்கள்!